பங்களாவைக் காப்பார்கள், பின்கட்டை யார் காப்பது?

வாசகர் கேள்வி:

நான் சிங்கப்பூரில், செம்பவாங்கில் வசிக்கிறேன். வயது 54. என் தாத்தா அந்தக் காலத்து நேவல் பேஸில் (பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில்), ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கறுப்பு வெள்ளை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். பங்களாவுக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று இருந்த வரிசை அறைகளில் ஒன்றில்தான் என் அப்பா பிறந்து வளர்ந்தார். பிறகு அவரும் அங்கே கப்பல் பழுதுபார்க்கும் டாக்யார்டில் சேர்ந்தார். அது செம்பவாங் கப்பல் பட்டறை ஆன பிறகும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். இப்போது அவருக்கு 85 வயது. பட்டறை துவாஸுக்குப் போகிறது, அந்த இடம் மாறப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பழையதெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மனு எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று நானும் தம்பியும் நினைக்கிறோம். யாரிடம் கொடுப்பது? வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய அப்பாவின் பழைய பாஸ், போட்டோக்கள், கோயில் திருவிழா ரசீதுகள் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது? அப்பாவிடம் கேட்டால், “அதுல என்னம்மா இருக்கு, கூலி வேலைதானே” என்று முடித்துவிடுகிறார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

– ஒரு வாசகி, செம்பவாங்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனுவைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். கையெழுத்து வாங்குவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அப்பாவோடு உட்காருங்கள்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து மீட்பது என் தொழில். அப்படிப்பட்டவன் கட்டடத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கச் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காலக்கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரில் இவ்வளவு பெரிய ஓர் இடத்தை மாற்றுவதென்றால் திட்டம், ஆய்வு, ஏலம், கட்டுமானம் என்று வருடங்கள் ஓடும். 85 வயது நினைவுக்கு அந்த அவகாசம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று எழுதும்போது, அதில் யார் வாழ்ந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட ஆதாரம் வேண்டும். உங்களிடம் இருக்கும் பெரிய ஆதாரம் உங்கள் அப்பாதான். அவர் சொல்வதைப் பதிவு செய்துவிட்டால், பிறகு எழுதப்போகும் கடிதத்தில் பாதி தயாராகிவிடும்.

பயப்பட வேண்டியது எதற்கு, எதற்கு வேண்டாம் என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். பழைய அட்மிரல்டி ஹவுஸ் 2002லேயே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. புக்கிட் கான்பரா வளாகத்தில் சாப்பிடப் போகும்போது மேட்டில் அதைப் பார்த்திருப்பீர்கள். செம்பவாங் பூங்காவில் கடலைப் பார்த்து நிற்கும் பியூலியூ ஹவுஸ் 2005லிருந்து பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வெளியேற்றிப் பழுதுபார்க்க 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட கிங் ஜார்ஜ் டாக், ஏறக்குறைய 300 மீட்டர் நீளம் கொண்டது, சாதாரணமாக மறைந்துவிடக்கூடிய ஒன்று இல்லை. பட்டறை இடம் மாறிய பிறகு அந்தக் கடலோரம் மக்கள் வந்து போகும் இடமாக மாறும் என்று 2025 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமரும் பேசியிருக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, திறப்பு விழாப் புகைப்படம் இருக்கிறது. ஏதோ ஒரு வகையில் இவற்றைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள்.

உங்கள் தாத்தா குடியிருந்த பின்கட்டுக்குத்தான் ஒருவரும் இல்லை.

கறுப்பு வெள்ளை பங்களாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அகலமான வராந்தாவையும் உயரமான கூரையையும் தூண்மேல் தூக்கிக் கட்டிய தரையையும் வெள்ளைச் சுவரில் ஓடும் கறுப்பு மரச்சட்டங்களையும் பற்றி எழுதுவார்கள். நானும் அவற்றை ரசிக்கிறவன்தான். ஆனால் அந்த வீடு இயங்கியது பின்னாலிருந்து. சமையல் அங்கே நடந்தது, துணி அங்கே வெளுத்தது, தோட்டக்காரரும் சமையல்காரரும் ஆயாவும் தங்கள் பிள்ளைகளோடு அங்கே வாழ்ந்தார்கள். சிறிய அறைகள், கூரை போட்ட ஒரு நடைவழி, பொதுவாக ஒரு குளியலிடம். பங்களாவை வாடகைக்கு எடுப்பவருக்கு அது சாமான் போடும் இடம். கட்டடக்கலைப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. தொழிலாளர் குடியிருப்புகளின் கதி இன்னும் மோசம். நேவல் பேஸ் தொழிலாளர்கள் கடைகண்ணிக்கும் சினிமாவுக்கும் போன பழைய சோங் பாங் கிராமம் 1980களின் இறுதியில் மறைந்தது. பெயர் மட்டும் ஈசூனுக்குக் குடிபெயர்ந்தது.

நம் ஆட்களின் உழைப்பு சிங்கப்பூரின் மிகப் புகழ்பெற்ற கட்டடங்களுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. 1850களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அதன் உட்சுவரின் பூச்சு மதராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, பளபளப்பாகத் தேய்த்தது. அந்தக் கை வேலையைப் பற்றி இவ்வளவாவது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அதை மேற்பார்வை பார்த்த ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்ததுதான். தேய்த்த கைக்காரர் எழுதியது ஒன்றுமில்லை. செம்பவாங்கிலும் அதேதான் நடக்கும், நீங்கள் எழுதாவிட்டால்.

சரி, அப்பாவிடம் வருவோம்.

“கூலி வேலைதானே” என்று அவர் சொல்வதில் கூச்சம் இருக்கிறதா, பழைய வருத்தம் இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்தத் தலைமுறையில் நான் சந்தித்த பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். வரலாறு என்றால் தளபதியும் கவர்னரும் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது. அதனால் “உங்க வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கப்பா” என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார். வேலையைப் பற்றிக் கேளுங்கள். தொழில் தெரிந்த மனிதர் தன் தொழிலைப் பற்றிப் பேசக் கூச்சப்படமாட்டார். கப்பல் டாக்குக்குள் வந்ததும் முதல் வேலை என்ன? தண்ணீரை வெளியேற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும்? அடியில் ஒட்டிய சிப்பியை எதை வைத்துச் சுரண்டுவார்கள்? சாரத்திலிருந்து யாராவது விழுந்ததுண்டா? விழுந்தால் குடும்பத்துக்கு யார் போய்ச் சொல்வார்கள்? இப்படிக் கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அடுத்த கேள்வி அதிலிருந்தே கிடைக்கும்.

இரண்டாவது நாள் பின்கட்டைப் பற்றிக் கேளுங்கள். ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து, பென்சிலை அவர் கையில் கொடுங்கள். “நம்ம ரூம் எங்கப்பா இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அறை, அடுத்த அறை, அதில் யார், தண்ணீர்க் குழாய், கக்கூஸ், அடுப்பு, தாத்தா மண்வெட்டியை மாட்டிவைக்கும் ஆணி, பங்களாவுக்குப் போகும் நடைவழி, பிள்ளைகள் எதுவரை போகலாம், எங்கே போகக்கூடாது. கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்தாதீர்கள். அவர் வரையும் அந்தத் தாள், என்னைப் போன்ற ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆவணம். அளவுகளை நாங்கள் பிறகு சரிபார்த்துக்கொள்வோம். அந்த அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதை எந்த அளவுநாடாவும் சொல்லாது.

தேதி விஷயத்தில் அவரோடு வாதிடாதீர்கள். 1956 என்பார், பிறகு 1958 என்பார். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சரியான தேதியைப் பத்திரிகையில் தேடி எடுக்கலாம். அதற்குப் பதிலாக, எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை நட்டுவைத்து, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1968 ஜனவரியில், 1971க்குள் படையை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. அந்த மாதம் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? யாருக்கு வேலை போயிற்று? பட்டறையில் யாரை எடுத்துக்கொண்டார்கள்? யார் யார் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப ரஜூலா கப்பல் ஏறினார்கள், அவர்களிடமிருந்து பிறகு கடிதம் வந்ததா? இந்தக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. நேவல் பேஸ் தொழிலாளர் சங்கத்தின் வேலைநிறுத்தங்கள் நடந்த நாள்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்றும் கேளுங்கள்.

அத்தை யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்களைக் கட்டாயம் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் தாத்தாவும் அப்பாவும்தான் வருகிறார்கள். பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆண்கள் விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டார்கள். பகல் முழுக்க அங்கே இருந்தவர்கள் பெண்கள். தண்ணீர்ச் சண்டை, கடைக்காரரிடம் கடன் கணக்கு, பிரசவம் பார்த்த கிழவி, துரைசாணி கொடுத்த பழைய துணி, வாங்க மறுத்த பாட்டி, இதெல்லாம் அத்தைகளுக்குத்தான் தெரியும். அப்பாவையும் அத்தையையும் தனித்தனியாக ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு ஒன்றாக உட்காரவையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார். அந்த வாக்குவாதத்தில் வெளியே வருவது பல நேரம் தனியாகக் கேட்டதைவிட நன்றாக இருக்கும்.

பதிவு செய்ய உங்கள் கைபேசியே போதும். மேசைமேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். நம் வீடுகளில் பதிவு கெடுவது பெரும்பாலும் மின்விசிறி இரைச்சலால்தான். ஆரம்பத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயரைச் சொல்லுங்கள். பதிவு செய்ய அவர் சம்மதிப்பதையும் அவர் குரலிலேயே வாங்கிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அவருக்கு அலுத்துவிடும். “இத வெளிய சொல்லாத” என்று ஏதாவது சொன்னால் அதைத் தனியாக வைத்துவிடுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அன்று இரவே எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசினார் என்று ஒரு தாளில் குறித்துவிட்டால், பிறகு தேடுவது எளிது. கோப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி அதையே மூலப் பிரதி என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மூலத்தை அப்படியே கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று என்று வையுங்கள்.

முடிந்தால் அவரை ஒரு காலை நேரத்தில் செம்பவாங் பூங்கா, பழைய கான்பரா ரோடு பக்கமெல்லாம் அழைத்துப் போங்கள். இடத்தைப் பார்த்ததும் வரும் நினைவு வேறு. பொதுச் சாலையோடு நின்றுகொள்ளுங்கள். பங்களாக்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், பட்டறைக்குள் அனுமதி இல்லாமல் போகவோ படம் எடுக்கவோ கூடாது.

அப்புறம் அந்தத் தகரப் பெட்டி. எதையும் வெளியே எடுக்கும் முன், இருக்கிறபடியே ஒரு படம் எடுங்கள். எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். பிறகு தாள்களைத் தகரத்திலிருந்து நல்ல அட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் தகரம் துருப்பிடிக்கும், துரு தாளைத் தின்னும். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். பெட்டியைக் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்க வேண்டாம். தயவுசெய்து எதையும் லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அன்பினால் செய்யப்படும் இந்த இரண்டு காரியங்களால் நான் பார்த்த சேதம் கொஞ்சநஞ்சமில்லை. ஒட்டும் தாள் உள்ள பழைய ஆல்பத்தில் போட்டோ சிக்கியிருந்தால் பிய்க்காமல் பக்கத்தோடு படம் எடுங்கள். மற்றவற்றை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் ஓரத்தில் ஓர் எண் மட்டும் போட்டு, விவரத்தை நோட்டில் எழுதுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எங்கே, என்ன விசேஷம். தெரியாத முகத்துக்குத் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

கோயில் ரசீதுகளைக் கடைசியில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் முதலில் கண்ணில் பட்டன. ஒரு ரசீதில் பெயர், தொகை, தேதி, சில நேரம் புளோக் எண்ணும் இருக்கும். நூறு ரசீது இருந்தால், எந்தக் குடியிருப்பில் யார் இருந்தார்கள், எவ்வளவு கொடுக்க முடிந்தது என்று ஒரு சமூகமே தெரியும். நேவல் பேஸ் தொழிலாளர்கள் ஒரு மரத்தடியில் வைத்து வளர்த்த முருகன் கோயில்தான் இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். தஞ்சோங் பகாரிலிருந்து புக்கிட் தீமா வழியாக ஓடிய ரயில்பாதையில் தண்டவாளம் போய்விட்டது. ஆனால் ரயில்வே தொழிலாளர்கள் 1932ல் குவீன்ஸ்வே பக்கம் தொடங்கிய முனீஸ்வரன் கோயில் இன்றும் காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. குடியிருப்புகள் இடிக்கப்பட்ட பிறகும் அவற்றின் ஆட்களை ஒன்றாக வைத்திருந்தவை இந்தக் கோயில்கள்தான். அந்தக் கோயிலின் ரசீதைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள்.

பெட்டியில் உள்ளதை யாருக்காவது கொடுப்பதா என்று கேட்டால், அவசரப்பட வேண்டாம். இந்திய மரபுடைமை நிலையம், தேசிய ஆவணக் காப்பகம், தேசிய நூலகம் மூன்றுமே மக்களிடமிருந்து இப்படிப்பட்டவற்றைப் பெறுகின்றன. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், தேர்ந்துதான் எடுப்பார்கள். முதலில் உங்கள் பட்டியலையும் ஸ்கேன் பிரதிகளையும் காட்டுங்கள். மூலத்தைக் கொடுப்பது பற்றி அப்பா முடிவு செய்யட்டும்.

ஆவணக் காப்பகத்திடம் கொடுப்பதற்கு மட்டுமில்லை, வாங்குவதற்கும் நிறைய இருக்கிறது. 1979ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவின் நேர்காணல்களில் தமிழில் எடுத்தவையும் உண்டு. பலவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கலாம். கேள்வி கேட்பது எப்படி என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. பிரிட்டிஷ் விமானப்படை வானிலிருந்து எடுத்த பழைய படங்களும் நிலப்படங்களும் அங்கே இருக்கின்றன. அப்பா வரைந்த தாளை அந்தப் படத்தோடு வைத்துப் பாருங்கள். பங்களாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கூரை வரிசை தெரிந்தால், அதுதான் உங்கள் பின்கட்டு. தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பில் தமிழ் முரசும் இருக்கிறது. நேவல் பேஸ் என்று தேடினால் நாடகம், பந்து விளையாட்டு, சங்கக் கூட்டம், கல்யாணம் என்று வந்து விழும். பெயரை அந்தக் காலத்தில் பலவிதமாக எழுதினார்கள், எல்லா விதமாகவும் தேடுங்கள்.

இப்போது மனு. ஆயிரம் கையெழுத்தோடு ‘பழைய செம்பவாங்கைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால், நன்றி, கவனத்தில் கொள்கிறோம் என்று பதில் வரும். எந்தக் கட்டடம், எந்த எண், அதில் எந்தப் பகுதி, ஏன் என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கலாமா என்று பார்க்கும்போது கட்டடக்கலைச் சிறப்பு, அரிதா என்பது, வரலாற்று முக்கியத்துவம், அந்த வட்டாரத்தின் அடையாளத்துக்கு அதன் பங்கு ஆகியவற்றைப் பார்க்கிறது. கட்டடக்கலையில் பின்கட்டு தோற்கும். வரலாற்றிலும் அடையாளத்திலும்தான் அது ஜெயிக்க வேண்டும். உங்கள் அப்பாவின் தாள், வான்படம், இரண்டு போட்டோ, பதிவிலிருந்து ஐந்தாறு வாக்கியம், இவை போதும்.

அனுப்பும் முன் ஆணையத்தின் இணையப் படத்தில் அந்த பங்களா ஏற்கெனவே பாதுகாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பின்கட்டும் அதில் அடங்குமா என்பதே உங்கள் முதல் கேள்வி. பல கறுப்பு வெள்ளை வீடுகள் அரசாங்கச் சொத்து, சிங்கப்பூர் நில ஆணையம் வாடகைக்கு விடுகிறது. ஆகவே கடிதம் நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு, பிரதி நில ஆணையத்துக்கும் தேசிய மரபுடைமைக் கழகத்துக்கும் போகட்டும். பெரிய மேம்பாட்டுத் திட்டங்களுக்கு முன் மரபுடைமைக்கு என்ன பாதிப்பு என்று மதிப்பிடும் முறை 2022லிருந்து நடப்பில் இருக்கிறது. பட்டறை நிலத்துக்கு அப்படி ஒரு மதிப்பீடு நடந்தால் தொழிலாளர் குடும்பங்களின் பதிவுகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று தம்பி கேட்கலாம். 1958ல் கட்டப்பட்ட டக்கோட்டா கிரசென்ட் அடுக்குமாடிகளைக் காலி செய்யச் சொன்னபோது, அங்கே வாழ்ந்தவர்களும் ஆர்வலர்களும் இடத்தை ஆராய்ந்து, வாழ்க்கையைப் பதிவு செய்து, மாற்று யோசனையையும் எழுதிக் கொடுத்தார்கள். 2017ல், நடு முற்றத்தைச் சுற்றிய 6 புளோக்குகளும் புறா வடிவ விளையாட்டுத் திடலும் இருக்கட்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. புக்கிட் தீமா ரயில் நிலையத்தை மீட்டபோது பக்கத்தில் இருந்த ஊழியர் குடியிருப்பும் தப்பியது, பிறகு அங்கே ஒரு காப்பிக் கடையும் திறந்தது. உங்கள் கடிதத்தில் இந்த உதாரணத்தைக் கட்டாயம் சேருங்கள். நிலையத்தோடு குடியிருப்பும் நிற்கலாம் என்றால், பங்களாவோடு பின்கட்டும் நிற்கலாம்.

தோற்றதும் உண்டு. ஸ்டாம்ஃபோர்டு ரோட்டுச் செங்கல் நூலகத்துக்காக எத்தனையோ பேர் எழுதினார்கள், 2004ல் மூடி இடித்துவிட்டார்கள், வாசல் தூண்கள்தான் மிச்சம். நிலம் குறைந்த நாட்டில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதனால் கேட்பதை அளவாகக் கேளுங்கள். ஒரே ஒரு பங்களாவாவது பின்கட்டோடு, நடைவழியோடு முழுசாக நிற்கட்டும். அதில் அங்கே வேலை செய்த குடும்பங்களின் பெயரும் படமும் தமிழிலும் மலாயிலும் மலையாளத்திலும் சீனத்திலும் இருக்கட்டும். அதுவும் முடியாது என்றால், இடிக்கும் முன் அளவெடுத்து வரையவும் படமெடுக்கவும் அனுமதி கேளுங்கள். இதை மறுப்பது யாருக்கும் கஷ்டம். வெறும் திறந்தவெளிகூட இப்போது நினைவுச்சின்னம் ஆகலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 2021ல் சட்டம் திருத்தப்பட்டது, 2022ல் பாடாங் திடல் அப்படி அறிவிக்கப்பட்டது.

உங்கள் குடும்பம் மட்டும் எழுதினால் ஒரு வீட்டுக் கதை. பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஓர் ஊரின் கதை. அந்தக் குடும்பங்கள் எங்கே என்று தேட வேண்டாம். பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் கோயிலுக்குப் போங்கள், அப்பாவையும் அழைத்துக்கொண்டு. பழைய நேவல் பேஸ்காரர்கள் அங்கே வருவார்கள். நாலைந்து போட்டோவின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். யார் யாருடைய முகத்தை அடையாளம் சொல்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் கைபேசி எண்ணை வாங்கிவிடுங்கள். உங்களைப் போலவே அவர்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். மலாய், மலையாளி, சீனக் குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். பின்கட்டு வரிசையில் அடுத்த அறையில் இருந்தவர்கள் அவர்கள்தான்.

அப்பா வரைந்த தாளும் வான்படமும் கிடைத்ததும், ஸ்கேன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். அளவுகளைக் குறித்து ஒரு தரைப்படமாக வரைந்து தருகிறேன். கடிதத்தோடு அதையும் இணைத்துவிடலாம்.